பாம்பன் புதிய பாலம்: உப்புக்காற்றைத் தடுக்கும் 0.35 மி.மீ. கவசம்... துத்தநாகப் பூச்சு எப்படி வேலை செய்கிறது?

ராமநாதபுரம் கடலோரத்தில் இரும்புக்கு ஆயுசு குறைவு. காரங்காடு முதல் பாம்பன் வரை படகு எஞ்சினோ, வீட்டு ஜன்னல் கம்பியோ, எதையும் உப்புக்காற்று விட்டுவைப்பதில்லை. அந்தக் காற்றுக்கு நடுவில்தான் சுமார் 2 கி.மீ. நீளமுள்ள புதிய பாம்பன் ரயில் பாலம் நிற்கிறது. 2025 ஏப்ரல் 6-ல் திறக்கப்பட்ட இந்தப் பாலத்தைத் துருவில் இருந்து காப்பது எது?

பழைய பாலத்துக்கு என்ன ஆனது?

1914-ல் திறக்கப்பட்ட பழைய பாலம் 1964 புயலையே தாண்டி வந்தது. ஆனால், அதன் தூக்குப் பகுதியை துரு பலவீனமாக்கியது. பாதுகாப்பு கருதி 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது.

புதிய பாலத்தில் என்ன பூச்சு?

மூன்று அடுக்குகள். முதலில் 200 மைக்ரான் துத்தநாகம், அதன் மேல் 25 மைக்ரான் எபாக்சி, கடைசியாக 125 மைக்ரான் பாலிசிலோக்சேன் பெயின்ட். மொத்தம் 350 மைக்ரான், அதாவது 0.35 மி.மீ. நோட்டுத் தாள் மூன்று, நாலு சேர்த்து வைத்தால் வருகிற கனம், அவ்வளவுதான். பராமரிப்பு இல்லாமலேயே 35 ஆண்டுகள் தாங்கும் என்கிறது ரயில்வே தரப்பு.

துத்தநாகத்தை எப்படிப் பூசுகிறார்கள்?

இது பிரஷ் வேலை இல்லை. துத்தநாகக் கம்பியை மின்சாரத்தாலோ தீச்சுடராலோ உருக்கி, அழுத்தக் காற்றால் இரும்பின் மீது துளித்துளியாகத் தெளிக்க வேண்டும். இதற்குப் பெயர்தான் ‘தெர்மல் ஸ்பிரே’. உருகிய தொட்டியில் முக்கி எடுக்க முடியாத பெரிய கர்டர்களுக்கு இதுவே வசதி.

துத்தநாகம் ஏன்?

இரும்போடு ஒட்டியிருக்கும்போது துத்தநாகம்தான் முதலில் அரிக்கும். அதுதான் இங்கே பலம். பூச்சில் கீறல் விழுந்தாலும் பக்கத்தில் உள்ள துத்தநாகம் முதலில் தன்னையே அரிக்கக் கொடுத்து இரும்பைக் காப்பாற்றும். எபாக்சி, பூச்சில் இருக்கும் நுண்துளைகளை அடைக்கும். பாலிசிலோக்சேன் வெயிலையும் மழையையும் தாங்கும்.

அப்புறம் ஏன் சர்ச்சை?

2024 நவம்பரில் ஆய்வு நடத்திய ரயில்வே பாதுகாப்பு ஆணையர், பாலத்தில் அரிப்பு தொடங்கிவிட்டதைச் சுட்டிக்காட்டினார். அதே நேரம், நிபந்தனைகளுடன் ரயில் இயக்க அனுமதியும் கொடுத்தார். ஆணையர் எழுப்பிய கேள்விகளை ஆராய ரயில்வே 5 பேர் குழுவை அமைத்தது.

சிக்கல் எங்கே வரலாம்?

பூசுவதற்கு முன் இரும்பை மணல் போன்ற துகள்களால் அடித்து சுத்தம் செய்ய வேண்டும். சுத்தம் செய்த சில மணி நேரத்துக்குள் துத்தநாகம் ஏற வேண்டும். நடுவில் உப்போ ஈரமோ படிந்தால் பூச்சு ஒட்டாது, பிறகு செதில் செதிலாக உரியும். வெல்டிங் இணைப்புகள், போல்ட்டுகள், ஓரங்கள் ஆகியவையே பலவீனமான இடங்கள்.

இனி என்ன?

பெயின்ட் அடிச்சாச்சு, 35 வருஷம் கவலையில்லை என்று இருந்துவிட முடியாது. பூச்சின் கனத்தை, இரும்பைச் சுரண்டாமலேயே கையடக்க மீட்டரில் அளக்கலாம். குறைந்த இடத்தில் உடனே மறுபடி பூசினால் செலவு சின்னது. விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய பாலமே உதாரணம். ராமேஸ்வரம் தீவுக்கு ரயில் போக இருப்பது இந்த ஒரே வழிதான்.