கொன்றை வேஷத்தில் வந்த மரம்

அரியலூர் மாவட்டம் வரதராஜன்பேட்டையில் போய், அயல்நாட்டு மரம் என்றாலே ஆபத்து என்று பேசினால் ஊரார் சிரிப்பார்கள். அந்தச் செம்மண் பூமியில் சோறு போடும் முந்திரியே பிரேசிலிலிருந்து வந்ததுதானே! போர்த்துகீசியர் 16-ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்தது அது. கோடையில் சாலையோரம் சிவக்கப் பூக்கும் குல்மோகரும் மடகாஸ்கர் தீவின் மரம். நம் ஊர்களில் அது நட்ட இடத்தில் நிற்கிறது. தானாக முளைத்த கன்றை வெயிலும் ஆடும் விட்டுவைத்தால்தானே!

அதே குல்மோகர் வட ஆஸ்திரேலியாவில் ஆற்றோரங்களில் தானே பரவி, களை என்று பெயர் வாங்கியிருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா நகருக்கு ஜகரந்தா மரங்களால்தான் அழகு. ஆயினும் அந்நாட்டுச் சட்டம் அதைப் புதிதாக நடுவதற்குக் கட்டுப்பாடு விதித்துள்ளது. நமது சீமைக் கருவேலமோ நேர்மாறு. வறட்சிதான் அதற்குக் கொண்டாட்டம். இராமநாதபுரத்தைக் கேட்டால் தெரியும். ஆகவே மரத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. மண்ணையும் மழையையும் சேர்த்தே விசாரிக்க வேண்டும்.

இப்போது நம்மைக் கவலைப்பட வைத்திருப்பது முதுமலை. அங்கே புகுந்திருப்பது மஞ்சள் பூப் பூக்கும் சென்னா ஸ்பெக்டாபிலிஸ் என்னும் வெப்ப மண்டல அமெரிக்க மரம். அழகுக்கும் நிழலுக்கும் என்று 1980-களில் பக்கத்து வயநாட்டில் நட்டார்கள். மலைக்காட்டு ஈரத்தில் அது மளமளவென்று பெருகி, கேரளம், கர்நாடகம், தமிழ்நாடு என்ற எல்லைக் கோடுகளை மதிக்காமல் பரவிவிட்டது. அதன் அடர்ந்த நிழலில் புல் வளருவதில்லை. புல் இல்லையேல் மானுக்கும் யானைக்கும் மேய்ச்சல் ஏது? உகாண்டாவின் புடோங்கோ காட்டிலும் இதே தொல்லைதான்.

வெட்டினால் தீருமா? தீராது. அடிக்கட்டையிலிருந்து கொத்தாகத் துளிர்க்கும். அதனால் பெரிய மரத்தின் பட்டையை உரித்துக் காயவிட வேண்டும். கன்றை வேரோடு பிடுங்க வேண்டும். மறு வருஷமும் வந்து பார்க்க வேண்டும். தமிழக அரசு 2022-இல் அயல் தாவரங்களை அகற்றத் தனிக் கொள்கையே வகுத்தது. வெட்டிய மரத்தைக் காகிதக் கூழுக்கு அனுப்பும் ஏற்பாடும் நடந்தது. நல்லதுதான். ஆனால் லாரி போனபின் அந்த இடத்தைக் காப்பது யார் என்பதல்லவா கேள்வி?

வரதராஜன்பேட்டைக்கும் இதில் ஒரு சங்கதி உண்டு. ‘மஞ்சள் கொன்றை’ என்று சொல்லி யாராவது கன்று கொடுத்தால், வீட்டு வாசலில் நடுமுன் இலையைப் பாருங்கள். முந்திரிக் காட்டில் அது பரவாமலே போகலாம்; ஆனால் சிவனுக்குரிய நம் சரக்கொன்றை இருக்க, அந்தப் பரீட்சை நமக்கெதற்கு? சரக்கொன்றையின் சிற்றிலைகள் அகலமானவை. மிஞ்சினால் எட்டு ஜோடி. பூச்சரம் கீழே தொங்கும், கோடையில் பூக்கும். மற்றதற்குச் சிற்றிலைகள் சிறியவை, ஜோடிகள் அதிகம். பூங்கொத்து மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கும்.