பூனைத் தலையும் கிழிந்த கொப்பியும்

சித்திர பாடத்துக்கு மிருகத்தின் தலை ஒன்று கீறி வரச் சொன்னால், பிள்ளை முதலில் உம்மாவிடம்தான் கொப்பியை நீட்டும். "உருவம் கீறக் கூடாது" என்று ஓர் உம்மா கொப்பியை மூடிவிடுவார். இன்னொருவர் தானே கீறிக் கொடுத்துவிடுவார். இரண்டிலும் பிள்ளை எதையும் படிப்பதில்லை. பல வருடங்களுக்கு முன் நானும் ஒரு மாணவன் கீறியிருந்த முயலைக் கொப்பியிலிருந்து கிழித்தெடுத்தேன். அவன் அழவில்லை. ஆனால் அதன் பிறகு என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

உயிருள்ளவற்றின் உருவங்களை ஆக்குவோர் பற்றிக் கடுமையான எச்சரிக்கை ஹதீஸ்களில் வந்திருக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. உருவம் செய்வதையே பிழைப்பாகக் கொண்ட ஒருவருக்கு, மரத்தையும் உயிரற்றவற்றையும் கீறும்படி இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள் வழிகாட்டினார்கள். ஆனால் ஆயிஷா (ரழி) அவர்களிடம் விளையாட்டுப் பொம்மைகள் இருந்தன; துணியால் இறக்கை வைத்த குதிரையும் அவற்றுள் ஒன்று. அதைக் கண்டு நபி (ஸல்) அவர்கள் சிரித்ததை அபூதாவூத் கிரந்தத்தில் காணலாம். "தலை மட்டும்தானே" என்று இலேசாகச் சொல்லவும் முடியாது. தலையே உருவம் என்ற கருத்தும் உண்டு. பிள்ளைகளின் கல்விக்கும் விளையாட்டுக்கும் நம் காலத்து உலமாக்கள் பலர் இடமளிக்கின்றனர். நானும் அந்தப் பக்கமே. மனம் ஒப்பாதவர்கள் ஆசிரியையிடம் பேசி, மரமோ பழமோ கீற அனுமதி கேளுங்கள். கொப்பியை மட்டும் கிழிக்காதீர்கள்.

இனிப் பூனைக்கு வருவோம். தேநீர்க் கோப்பையைக் கவிழ்த்து வைத்து, பென்சிலை அழுத்தாமல் ஒரு வட்டம் கீறுங்கள். வட்டத்தின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு. கண்கள் குறுக்குக் கோட்டில் வரவேண்டும். பிள்ளைகள் கண்ணை நெற்றியில் கொண்டுபோய் வைப்பார்கள். படம் கெடுவது அங்கேதான். கோட்டுக்குச் சற்றுக் கீழே, பெரிதாக, இடைவெளி விட்டு வைத்தால் குட்டிப் பூனையாகிவிடும். இரு கண்களுக்கும் நடுவே, கொஞ்சம் கீழே, தலைகீழ் முக்கோணமாக மூக்கு. மூக்கின் நுனியிலிருந்து இரு பக்கமும் வளைந்து போகும் கோடுகளே வாய். மணிக்கூட்டில் பதினொன்றும் ஒன்றும் இருக்கும் இடங்களில் முக்கோணக் காதுகள். பக்கத்துக்கு மூன்று மீசை. பிறகு நடுக்கோடுகளை அழித்துவிடுங்கள். காதை நீட்டினால் முயல், உருண்டையாக்கினால் கரடி.

நீங்கள் வேறொரு தாளில் கீறிக் காட்டுங்கள். பிள்ளை தன் கொப்பியில் கீறட்டும். கோணலாக வந்தால் திருத்தாமல் அப்படியே அனுப்புங்கள். சுவரில் மாட்ட வேண்டாம், கொப்பிக்குள்ளேயே இருக்கட்டும்.