தறியின் இரைச்சலும் சங்கத்தின் செவியும்

நூல் விலை, கூலி விகிதம், தேங்கிய சரக்கு, வராத மானியம் ஆகியவற்றைப் பற்றி நம் அங்கத்தினர்கள் ஓயாது பேசுகிறார்கள். பேச வேண்டியவையே அவை. ஆயினும் விசைத்தறி ஓடும் ஊர்களில் நெசவாளர் நாள்தோறும் செலுத்திவரும் ஒரு செலவு எந்தச் சங்கத்தின் லாப நட்டக் கணக்கிலும் ஏறக் காணோம். அவர்தம் செவிப்புலனே அச்செலவு.

கைத்தறியின் ஓசையை இரைச்சலென்று யாரும் குறை கூறியதில்லை. குழித்தறியில் அமர்ந்திருப்பவரை வாயிலில் நின்று அழைத்தால் திரும்பிப் பார்ப்பார். விருந்தினரோடு உரையாடிக்கொண்டே நெய்வார். விசைத்தறியின் கதை வேறு. நாடா ஒரு பெட்டியிலிருந்து மறு பெட்டிக்கு நிமிஷத்துக்கு நூறு தடவைக்கு மேல் அடித்து வீசப்படுகிறது. அத்தகைய தறிகள் எட்டும் பத்தும் தகரக் கூரையின் கீழ் ஒருங்கே ஓடுகையில், இரைச்சல் 90 டெசிபெல்லைத் தாண்டுவது சாதாரணம். டெசிபெல் கணக்கு நமது வட்டிக் கணக்கைப் போன்றதன்று. 10 ஏறினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. 3 ஏறினாலே இரு மடங்கு. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தை ஒட்டிய விதிகள் 90 டெசிபெல்லில் எட்டு மணி நேரமும், 95-இல் நான்கு மணி நேரமும், 100-இல் இரண்டே மணி நேரமும் வேலை செய்யலாமென வரையறுத்தன. பத்துப் பேருக்கும் குறைவானவர்கள் உழைக்கும் வீட்டுக் கொட்டகைகளை அச்சட்டம் பெரும்பாலும் எட்டவில்லை. நம் அங்கத்தினரோ அத்தகைய கொட்டகைகளில்தான் பன்னிரண்டு மணி நேரம் நிற்கின்றனர்.

இத்தீங்கு புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதன்று. இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளில் நெசவுப் பெண்டிர் குரலைக் கைவிட்டு, உதட்டசைவாலும் சைகையாலுமே பேசிக்கொள்ளும் ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக் கொண்டனர். ஸ்காட்லாந்தின் டண்டி நகரச் சணல் நெசவாளரைச் சோதித்த ஆய்வு 1965-இல் வெளிவந்தது. தறியருகே கழித்த ஆண்டுகள் கூடக்கூடக் கேள்விக் குறைவும் கூடுவதை அது காட்டிற்று.

இது வரும் விதம் வஞ்சகமானது. தொடக்கத்தில் வேலை முடிந்ததும் காதில் ஒரு ரீங்காரமும் சிறிது மந்தமும் தோன்றும், விடிந்தால் தெளிந்துவிடும். அதனாலேயே எவரும் அஞ்சுவதில்லை. உட்செவியிலுள்ள நுண்ணிய மயிரணுக்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. கீச்சென்ற உயர் ஓசைகளே முதலில் மறைகின்றன. கனத்த ஓசைகள் நெடுநாள் நிற்கின்றன. ஆகவே பாதிக்கப்பட்டவர் தம்மைச் செவிடரென எண்ணுவதில்லை. பிறர் பேசும் ஓசை அவருக்குக் கேட்கிறது, சொல்தான் விளங்கவில்லை. ‘சரியாகப் பேசாமல் முணுமுணுக்கிறாள்’ என்று மருமகளைக் கடிந்துகொள்வார். தறியின் ஓசை மாறுவதைக்கொண்டே கோளாறை அறியும் தேர்ந்த நெசவாளர் நாளடைவில் அத்திறமையையும் இழக்கிறார்.

கூட்டுறவாளராகிய நம்மை மிகவும் உறுத்துவது இன்னொன்று. விசாரணையில் ஓர் அங்கத்தினர் வாக்குமூலம் அளித்தால், அதன் அடியில் ‘படித்துக் காட்டக் கேட்டேன், சரி’ என்று எழுதிக் கையொப்பம் வாங்குகிறோம். முப்பதாண்டு விசைத்தறியில் நின்றவரைப் பொறுத்தவரை அந்தக் ‘கேட்டேன்’ எத்துணை உண்மையானது? பேரவைக் கூட்டத்தில் தணிக்கை அறிக்கை வாசிக்கப்படுகிறது, பின்வரிசையில் முதியோர் காதருகே கையைக் குவித்து அமர்ந்திருக்கிறார்கள், ‘சம்மதந்தானே?’ என்றதும் முன்வரிசையைப் பார்த்துக் கை தூக்குகிறார்கள். ஒலிபெருக்கியை அலற விடுவதால் பயனில்லை. அவருக்குத் தேவை தெளிவு. கூம்பு ஒலிபெருக்கி தருவது முழக்கம். காதில் விழாத தீர்மானத்துக்கு உயர்ந்த கைகளைக்கொண்டு ஒரு சங்கம் ஜனநாயகமாக நடைபெறுகிறதென நாம் சான்று கூறுவதெப்படி?

அண்டை வீட்டாரின் முறையீடும் உண்டு. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபெல் என்பதே வரம்பு. இதைக் காட்டி இராத்தறியை உடனே நிறுத்துக என்று நாம் எழுதிவிடலாம். மீட்டர் கணக்கில் கூலி பெறுபவரின் அடுப்பு அதனால் எரியாது. ஆனால் தறியின் காலடியில் ரப்பர்த் தகடு வைப்பதையும், அண்டை வீட்டுப் பக்கம் தகரத்துக்குப் பதிலாகச் செங்கற்சுவர் எழுப்புவதையும் செய்யாமல் இரவில் ஓட்டுவோருக்கு நாம் பரிந்து பேசுவதற்கில்லை. தறிக்காகச் சண்டையிடும் அதே தெருவினர், கலியாண வீட்டு ஒலிபெருக்கி நள்ளிரவு கடந்து முழங்கினாலும் வாய் திறவாதிருப்பது விந்தையே. திறந்த வெளியில் இரவு 10 மணிக்கு மேல் அதற்கும் தடையுண்டு. ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல் விழாக் காலங்களில் மட்டும் அரசு நள்ளிரவு 12 வரை தளர்த்தலாம்.

பயிரிடும் அங்கத்தினர் இது தமக்கன்று எனக் கருத வேண்டாம். கூண்டில்லா டிராக்டரில் நாள் முழுதும் உழுபவரும், ஆழ்துளை வண்டியோடு ஊர்ஊராய்ச் செல்லும் இளைஞரும் இதே கதியை நோக்கியே செல்கின்றனர்.

பலர் காதில் கழிவுப் பஞ்சைச் சுருட்டி வைத்துக்கொள்கிறார்கள். வெறும் பஞ்சு தடுப்பது மிகச் சொற்பம். நுரைப்பொருளாலான காதடைப்பான் ஒரு ஜோடி சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. நூல் அறுந்தால் தெரியாதே என்பது வழக்கமான மறுப்பு. இரைச்சலும் பிற ஓசைகளும் ஒருங்கே தணிவதால், நற்செவி உடையவர்க்கு வேறுபாடு புலப்படவே செய்கிறது. சில நாள் பழக வேண்டும், அவ்வளவே. லாபம் ஈட்டும் சங்கங்கள் பொது நல நிதியிலிருந்து இதை வாங்கி வழங்குவதையும், அங்கத்தினர் செவியை ஆண்டுக்கொரு முறை சோதிக்க ஏற்பாடு செய்வதையும் வரும் பேரவையின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்குமாறு நிர்வாகக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறோம். அக்கூட்டத்தைத் தறிகள் நின்ற வேளையில் கூட்டுக. ஒவ்வொரு தீர்மானத்தையும் குறிப்பேட்டில் பதியுமுன், பின்வரிசைக்கு அருகே நின்று நிதானமாக மறுமுறை வாசிக்கச் செய்க.