மாச வாடகைக்கு ஒரு போட்டோஷாப்: ஒரு பி.காம்.காரனின் கணக்கு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் போட்டோகிராபர் கிடையாது. வங்கியில் ஆணி பிடுங்குகிறவன். படித்தது பி.காம். ஊர் திருநெல்வேலிப் பக்கம், பிழைப்பு கர்நாடகத்தில், பங்காருபேட்டையில். ஞாயிற்றுக்கிழமை ஆனால் மாரிக்குப்பம் போகிற ரயிலில் ஏறி, உரிகத்திலோ சாம்பியனிலோ இறங்கி, சயனைடு மேட்டையும் துருப்பிடித்து நிற்கிற சுரங்கக் கோபுரங்களையும் படம் எடுப்பேன். அவ்வளவுதான் நம்ம கலைச்சேவை :-)

என்னை மாதிரியே ஊரைவிட்டு வந்து, கொஞ்சம் காசு சேர்ந்ததும் கேமரா வாங்கிய மக்கள் துபாயிலும் சிங்கப்பூரிலும் பெங்களூரிலும் நிறைய பேர் இருக்கிறீர்கள். எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி. "அண்ணாச்சி, படம் எடிட் பண்ண எந்த சாஃப்ட்வேர் நல்லது?"

கேள்வியே தப்பு என்பதுதான் என் கட்சி. எது நல்லது என்று கேட்காதீர்கள். "காசு கட்டுவதை நிறுத்திய மறுநாள் என் வேலை என் கையில் இருக்குமா?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குத் தேறாத சாஃப்ட்வேரில், பொழுதுபோக்குக்காகப் படம் எடுக்கிறவன் தன் குடும்பப் படங்களைக் கொண்டுபோய் வைக்கக் கூடாது. எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் சரி.

பெரிய பெயர் என்றால் எது என்று தெரியும். போட்டோஷாப் முதல் பதிப்பு வந்தது 1990-ல். நாக்நாக் என்று திறக்கும்போது வருகிற பெயர்ப்பட்டியலில் சீதாராமன் நாராயணன் என்ற பெயரைப் பார்த்து "நம்மாளுடா" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்ட தலைமுறை நம்முடையது. அந்தப் பெருமை அப்படியே இருக்கட்டும். அதில் எனக்குச் சண்டை இல்லை. சண்டை 2013-ல் ஆரம்பிக்கிறது. அந்த வருஷம் அடோபி நிறுவனம் 'இனி போட்டோஷாப்பின் புதிய பதிப்பை விற்க மாட்டோம், மாதச் சந்தாவுக்கு மட்டும்தான்' என்று அறிவித்தது. லைட்ரூம் மட்டும் கொஞ்ச நாள் தாக்குப்பிடித்தது. 2015-ல் வந்த லைட்ரூம் 6-ஐ 149 டாலர் கொடுத்து ஒரேயடியாக வாங்க முடிந்தது. 2017-ல் அந்தக் கதவையும் மூடுவதாகச் சொல்லிவிட்டார்கள்.

இப்போது கணக்குக்கு வருவோம். போட்டோ எடுக்கிறவர்களுக்கான சந்தா அமெரிக்காவில் மாதம் சுமார் 10 டாலராக இருந்தது. பதினைந்து மாதம் கட்டினால் லைட்ரூம் 6-இன் விலை முடிந்துவிடும். பத்து வருஷம் கட்டினால் 1,200 டாலர். போட்டோஷாப்பும் சேர்த்துத் தருகிறார்கள், புதுப் பதிப்பும் தருகிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் 2025 ஜனவரியில் அந்த 10 டாலர் திட்டத்தைப் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நிறுத்திவிட்டார்கள். அடுத்த படி 20 டாலர். வாடகைக்காரனிடம் கேட்டுவிட்டா வீட்டுக்காரர் வாடகையை ஏற்றுவார்?

எங்கள் வங்கியில் வீட்டுக் கடன் வாங்கினால் 20 வருஷம் இ.எம்.ஐ. கட்டுகிறீர்கள், கடைசியில் பத்திரம் உங்கள் கைக்கு வரும். சந்தாவில் 20 வருஷம் கட்டினாலும் 21-ஆம் வருஷம் நீங்கள் வாடகைக்காரர்தான். இன்னொரு கூத்து கேளுங்கள். 'வருடத் திட்டம், மாதாமாதம் கட்டலாம்' என்று ஒன்று உண்டு. நடுவில் விலகினால் மீதி மாதங்களுக்கான தொகையில் பாதியை அபராதமாகக் கட்ட வேண்டும். இந்த அபராதத்தைச் சேரும்போது ஒளித்து வைத்தார்கள் என்று குற்றம்சாட்டி அமெரிக்க அரசே 2024 ஜூனில் அடோபிமீது வழக்குப் போட்டது. மாறும் வட்டியில் வீட்டுக் கடன் வாங்கியவர் முன்கூட்டியே அடைத்தால் அபராதம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி எங்களுக்கு 2012-லேயே உத்தரவு போட்டுவிட்டது. வட்டிக்கடை என்று திட்டு வாங்குகிற எங்களுக்கு இருக்கிற கட்டுப்பாடு கூட இவர்களுக்கு இல்லை!

சரி, சந்தாவை நிறுத்தினால் என்ன ஆகும்? படங்களை எவரும் பிடுங்கிக்கொள்ள மாட்டார்கள், அதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். லைட்ரூம் கிளாசிக் திறக்கும். பார்க்கலாம், ஏற்றுமதியும் செய்யலாம். ஆனால் எடிட் செய்கிற டெவலப் பகுதி பூட்டிக்கொள்ளும். பாட்டியின் எண்பதாம் பிறந்தநாள் படத்தில் முகத்துக்கு மட்டும் வெளிச்சம் ஏற்ற மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பீர்கள். அந்த மூன்று மணி நேர வேலை அவர்களுடைய கேட்டலாக்கில், அவர்களுடைய பாஷையில் கிடக்கும். அதை இன்னொரு சாஃப்ட்வேரில் முழுசாகத் திறக்க வழி இல்லை. படம் உங்களுடையது, சாவி அவர்களுடையது.

காசு கட்டிக்கொண்டே இருந்தாலும் நிம்மதி இல்லை. 2019 அக்டோபரில், அமெரிக்க அரசு ஆணையைக் காரணம் காட்டி, வெனிசுவேலாவில் இருக்கிற எல்லாக் கணக்குகளையும் முடக்கப்போகிறோம் என்று அடோபி அறிவித்தது. பிறகு அரசிடம் சிறப்பு அனுமதி வாங்கி முடிவை மாற்றிக்கொண்டது உண்மைதான். ஆனால் அந்த மூன்று வாரம் அந்த ஊர்க்காரன் எப்படித் தூங்கியிருப்பான்? விசாவை நம்பி அடுத்த நாட்டில் குடியிருக்கிற நமக்கு இது புரியாவிட்டால் வேறு யாருக்குப் புரியும்?

நான் குடியிருக்கிற இடத்தில் இந்தப் பாடம் தெருவெங்கும் கிடக்கிறது. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து தமிழ்ச் சனங்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கினார்கள். வீடு கம்பெனியுடையது, ஆஸ்பத்திரி கம்பெனியுடையது. சிவசமுத்திரத்திலிருந்து 1902-லேயே கரண்ட் வந்த ஊர் இது. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். வேலையோடு சேர்ந்து கம்பெனியை நம்பியிருந்த அத்தனையும் ஆட்டம் கண்டது. இன்றைக்கும் விடியற்காலை ரயிலைப் பிடித்து பெங்களூருக்கு வேலைக்கு ஓடுகிற பிள்ளைகளைப் பங்காருபேட்டை ஸ்டேஷனில் தினமும் பார்க்கலாம். ஒரு சாஃப்ட்வேரை மூன்று தலைமுறைச் சனங்களின் வாழ்க்கையோடு நான் ஒப்பிடவில்லை. கம்பெனி என்றால் ஒருநாள் மூடும், மூடும்போது நம்மைக் கேட்காது என்று மட்டும் சொல்கிறேன்.

மூடிய சாஃப்ட்வேர்கள் கொஞ்சமா? கூகுள் 2004-ல் வாங்கிய பிகாசா நம் வீடுகளில் எல்லாம் இருந்தது, 2016-ல் கைகழுவிவிட்டார்கள். ஆப்பிளின் அப்பர்ச்சர் 2005-ல் வந்தது, 2015-ல் விற்பனையை நிறுத்தினார்கள், 2019-ல் வந்த மேக் இயங்குதளத்தில் அது ஓடவே இல்லை. ஆக, இலவசம் என்றாலும் ஆபத்து, விலை கொடுத்தாலும் ஆபத்து. கான்வா நிறுவனம் 2024-ல் வாங்கிய அஃபினிட்டியை 2025 அக்டோபர் முதல் இலவசமாகக் கொடுக்கிறது. நல்ல சரக்குதான், பயன்படுத்திப் பாருங்கள். ஆனால் கான்வா கணக்கு வேண்டும். தானம் கொடுத்த மாடாகவே இருந்தாலும் பல்லைப் பிடித்துப் பார்க்கிறதுதான் வங்கிக்காரன் புத்தி.

"அதான் கிராக் இருக்கே அண்ணாச்சி" என்பீர்கள். ரிச்சி தெருவிலும் எஸ்.பி. ரோட்டிலும் ஐம்பது ரூபாய் சிடி விற்ற காலத்திலிருந்து கேட்கிற வசனம். திருட்டு தப்பு என்று பிரசங்கம் செய்ய வரவில்லை. கிராக் போடும்போது முதலில் என்ன செய்யச் சொல்கிறார்கள்? 'ஆன்டிவைரஸை அணைத்துவிடு' என்கிறார்கள். அதே கம்ப்யூட்டரில்தானே நெட்பேங்கிங் பண்ணி ஊருக்குப் பணம் அனுப்புகிறீர்கள்? வீட்டுக் கதவைத் திறந்து வைத்துவிட்டு ஓசி மோர் குடிக்கப் போகிற கதை. அதோடு, ஓசியில் பழகிய கை அப்புறம் வேறு எதையும் தொடாது. ஒருநாள் சந்தாவுக்குத்தான் போகும்.

அப்புறம் என்னதான் வழி? மூலநிரல் ஊருக்குப் பொதுவாக இருக்கிற சாஃப்ட்வேர்கள்.

கேமராவின் ரா கோப்பைப் பக்குவம் பண்ண டார்க்டேபிள் அல்லது ராதெரபி. அடுக்கு அடுக்காக வெட்டி ஒட்ட கிம்ப். வருஷவாரியாக, ஆள்வாரியாக அடுக்கிவைக்க டிஜிகேம். நான்கும் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், நான்கும் இலவசம். கிம்ப் 1995-ல் பெர்க்லியில் இரண்டு மாணவர்கள் ஆரம்பித்தது. அவர்கள் எப்போதோ விலகிவிட்டார்கள். ஆனால் 2025 மார்ச்சில் 3.0 பதிப்பு வந்திருக்கிறது. ஆரம்பித்தவன் போனாலும் அடுத்தவன் எடுத்து நடத்தலாம், ஏனென்றால் சாவி யாருடைய பீரோவிலும் பூட்டி இல்லை. டார்க்டேபிள் நீங்கள் செய்த ஒவ்வொரு திருத்தத்தையும் படத்துக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன எழுத்துக் கோப்பாக எழுதி வைக்கும். படத்தோடு சேர்த்து அதையும் பேக்கப் எடுத்தால் உங்கள் மூன்று மணி நேரமும் பத்திரம்.

நம்மாட்களுக்கு இன்னொரு லாபமும் உண்டு. பழைய போட்டோஷாப் 7-ல் யூனிகோடு தமிழை அடித்தால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று சிதறும். ஊர் ஸ்டுடியோக்களில் எல்லாம் பாமினி மாதிரி பழைய எழுத்துருக்களைக் கட்டிக்கொண்டு அழுததற்கு அதுவும் ஒரு காரணம். கிம்ப்பில் யூனிகோடில் அப்படியே அடிக்கலாம். காதுகுத்துப் பத்திரிகைக்கு அது போதும்.

எதிர்த்தரப்பு வாதத்தையும் கேட்டுவிடுவோம். "டார்க்டேபிள் கஷ்டம்." ஆமாம், முதல் நாள் தலை சுற்றும். எண்பது பொத்தானையும் தொடாதீர்கள். எக்ஸ்போஷர், வொயிட் பேலன்ஸ், கிராப், டீநாய்ஸ், இந்த நாலோடு ஒரு மாதம் ஓட்டுங்கள். "போட்டோஷாப்பில் ஏ.ஐ. வந்துவிட்டது, ஒரே கிளிக்கில் ஆளைத் தூக்கிவிடலாம்." தூக்கலாம், அருமையாகத் தூக்கும். கல்யாண ஸ்டுடியோ வைத்துப் பிழைக்கிறவர் சந்தா கட்டட்டும். அது தொழில் செலவு, வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். வாரம் இருபது படம் எடுக்கிற நமக்கு எதைக் கழிக்க இருக்கிறது?

எந்த சாஃப்ட்வேராக இருந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். காசு நின்றால் என் திருத்தம் திறக்குமா? இன்டர்நெட் இல்லாமல் திறக்குமா? கம்பெனி மூடினால் வேறு யாராவது எடுத்து நடத்த முடியுமா? மூன்றுக்கும் 'ஆமாம்' என்றால் வாங்குங்கள், விலை இருந்தாலும் பரவாயில்லை. ஏற்கெனவே சந்தாவில் இருக்கிறவர்கள் பதற வேண்டாம். சந்தா ஓடும்போதே நல்ல படங்களை எல்லாம் டிஃப் கோப்பாக ஏற்றுமதி செய்து இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் போடுங்கள். ஒன்று உங்களிடம், ஒன்று ஊரில்.

ஊரைவிட்டு வரும்போது நிலத்தைத் தூக்கிக்கொண்டு வரவில்லை, கோயிலைத் தூக்கிக்கொண்டு வரவில்லை. பிள்ளைகளிடம் "இதுதான் நம்ம ஊர், இவங்கதான் உன் பூட்டி" என்று காட்ட நம் கையில் இருப்பது படங்கள் மட்டும்தான். அதையும் வாடகை வீட்டில் வைப்பானேன்?

டிஸ்கி: நான் அடோபிக்கு எதிரியும் இல்லை, கிம்ப்புக்கு ஏஜெண்டும் இல்லை. தவணை என்ற வார்த்தையைக் கேட்டால் கால்குலேட்டரைத் தேடுகிற சாதி, அவ்வளவுதான் ;-)