மாறாத கிராமமா? யார் சொன்னது?



ஸ்பெயினின் அல்புஹாரா மலைக் கிராமப் படங்கள் ஒரு வாரமாக நம் குழுக்களில் சுற்றிச் சுற்றி வருகின்றன. வெள்ளை வீடுகள், பூந்தொட்டிகள், பின்னால் பனிமலை. கீழே ஒரு வாசகம்: "500 ஆண்டுகளாக மாறாத கிராமம். பாரம்பரியத்தைக் காப்பது எப்படி என்று ஐரோப்பியனிடம் கற்றுக்கொள்வோம்." நம்மவர்களில் பலர் கைதட்டியிருக்கிறீர்கள். ஒருவர் டிக்கெட்டே போட்டுவிட்டாராம். தாராளமாகப் போய்வாருங்கள், அருமையான இடம். ஆனால் அந்த வாசகம் பச்சைப் பொய். காலமெல்லாம் சரித்திரம் நடத்தியவனால் அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

படத்தில் இருப்பவை பாம்பனெய்ரா, புபியோன், காப்பிலெய்ரா என்ற மூன்று ஊர்கள். கிரனாடா நகரத்துக்குத் தென்கிழக்கே, சியெரா நெவாடாவின் தென்சரிவில், ஒன்றுக்கு மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. 1492-இல் கிரனாடா வீழ்ந்தபோது இந்தச் சரிவில் வாழ்ந்தவர்கள் முஸ்லிம்கள். "உங்கள் மதத்தில் கை வைக்க மாட்டோம்" என்று உடன்படிக்கையில் எழுதிக் கொடுத்தார்கள். பத்து வருஷம்கூடத் தாங்கவில்லை. ஞானஸ்நானம் வாங்கு, இல்லையென்றால் நாட்டை விட்டுப் போ என்றார்கள். மதம் மாறி மோரிஸ்கோ என்று பெயர் வாங்கிக்கொண்டு இருந்தவர்களையும் விடவில்லை. 1567-இல் அரபு பேசத் தடை, அவர்கள் உடைக்குத் தடை, குளியல் இல்லங்களுக்குத் தடை. 1568 கிறிஸ்துமஸ் சமயத்தில் மலை கொதித்தெழுந்தது. 1571-க்குள் நசுக்கிவிட்டார்கள். கிரனாடாப் பகுதியிலிருந்து சுமார் 80,000 பேரைக் கும்பல் கும்பலாக நடக்க வைத்து நாட்டின் வேறு மூலைகளுக்கு அனுப்பினார்கள். வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். 1609 முதல் 1614 வரை ஸ்பெயினில் மிச்சமிருந்த மோரிஸ்கோக்களையும் கப்பலேற்றித் துரத்தினார்கள். காலியான வீடுகளுக்குள் கலீசியாவிலிருந்தும் காஸ்திலிலிருந்தும் ஆட்களைக் கொண்டுவந்து குடிவைத்தார்கள்.

இதற்குப் பெயர் மாறாத கிராமமா?

கற்றுக்கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் யாரிடம்? துரத்தியவனிடமா, துரத்தப்பட்டவனிடமா? அந்தத் தட்டைக் கூரையைப் பாருங்கள். மரக்கட்டை போட்டு, மேலே கல் பலகை பரப்பி, அதன்மேல் லவுனா என்ற சாம்பல்நிறக் களிமண்ணைக் கொட்டுவார்கள். தண்ணீர் இறங்காது. இதே மாதிரி வீடுகளை மொராக்கோ மலைகளில் பெர்பர் மக்கள் கட்டுகிறார்கள். போகட்டும், அந்த வெள்ளை நிறமாவது பழசா என்றால் அதுவும் இல்லை. ஜெரால்ட் பிரனன் என்ற ஆங்கிலேய எழுத்தாளர் 1920-இல் பக்கத்து யெகன் கிராமத்தில் குடியேறியபோது, அவர் கண்டது சுண்ணாம்பு காணாத சாம்பல்நிற வீடுகளைத்தான்.

படத்தில் இல்லாத ஒன்றுதான் எனக்கு முக்கியம். அது வாய்க்கால்.

ஊருக்கு மேலே, மலை இடுப்பைச் சுற்றி, மண்ணில் வெட்டிய வாய்க்கால்கள் ஓடுகின்றன. அங்கே அதற்குப் பெயர் அசெக்கியா. அரபு 'சாகியா'விலிருந்து வந்த சொல். குளத்துக்கு அல்பெர்க்கா, அதுவும் அரபு. தண்ணீர்த் தொட்டிக்கு அல்ஹீபெ, அதுவும் அரபு. மொழியைத் தடை செய்தவர்களின் பேரப்பிள்ளைகள், தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டும்போதெல்லாம் அந்த மொழியைத்தான் பேச வேண்டியிருந்தது!

அந்த வாய்க்கால்களில் ஒரு வகை, வயலுக்கே போகாது. வசந்தத்தில் பனி உருகும்போது தண்ணீரை ஆற்றில் ஓடவிடாமல் மடக்கி, மலை உச்சிப் பக்கம் தண்ணீரை இழுக்கும் நிலமாகப் பார்த்துக் கொண்டுபோய் விடுவார்கள். தண்ணீர் பூமிக்குள் இறங்கி, மெதுவாக நகர்ந்து, வாரங்கள், மாதங்கள் கழித்து, கோடை கொளுத்தும்போது கீழே ஊற்றாக வெளிவரும். இதைக் கரேயோ என்பார்கள். அணை இல்லை, மோட்டார் இல்லை, மலையே நீர்த்தேக்கம். நீங்கள் படம் எடுக்கும் அந்தப் பச்சையில் பெரும்பகுதி இந்த வாய்க்காலிலிருந்து கசியும் தண்ணீரால் வந்தது. பார்த்துக்கொள்ள ஊருக்கு ஓர் ஆள் உண்டு. நம் ஏரிப்பாசன ஊர்களில் நீர்க்கட்டி என்போமே, கிட்டத்தட்ட அதே வேலை.

அந்த ஆட்கள்தான் இப்போது குறைந்துகொண்டே வருகிறார்கள். 1950-களிலிருந்து இளையவர்கள் பிழைப்புத் தேடி பார்சிலோனாவுக்கும் ஜெர்மனிக்கும் போய்விட்டார்கள். வருஷா வருஷம் தூர்வாராவிட்டால் மண்வாய்க்கால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பல வாய்க்கால்கள் செத்துக் கிடக்கின்றன. 2014 முதல் கிரனாடா பல்கலைக்கழகத் தொல்லியல்காரர்கள் ஊர்க்காரர்களையும் தன்னார்வலர்களையும் கூட்டிக்கொண்டு, மண்வெட்டி பிடித்து, சிலவற்றை மீட்டிருக்கிறார்கள். பாரம்பரியத்தைக் காப்பது என்றால் எனக்கு அதுதான். பூந்தொட்டி அல்ல.

"சார், சுற்றுலா வந்ததால்தானே அந்த ஊர் பிழைத்தது?" என்று ஒரு மாணவி கேட்டிருந்தாள். நியாயமான கேள்வி. ஆமாம் அம்மா, விடுதியும் கடையும் கொஞ்சம் பேரை அங்கே இருக்க வைத்திருக்கின்றன. அதை மறுக்க மாட்டேன். ஆனால் தங்க வருகிறவன் தண்ணீர் குடிப்பான், வாய்க்கால் வெட்ட மாட்டான். சுவருக்கு வெள்ளையடிக்கப் பணம் வருகிறது. மேலே தூர்வார ஆள் வரவில்லை. ஊற்று வற்றினால் விடுதி எதை வைத்து நடக்கும்?

டிக்கெட் போட்ட தம்பிக்கு: ஏப்ரல் கடைசி அல்லது மே மாதம் பார்த்துப் போ. கிரனாடாவிலிருந்து பேருந்து இருக்கிறது. காப்பிலெய்ராவில் இறங்கிக் கடைத்தெருவில் நிற்காமல் மேலே ஏறு. ஒரு வாய்க்கால் தட்டுப்படும் வரை நட. தோட்டத்தில் வேலை செய்யும் பெரியவர் யாராவது இருந்தால், "அசெக்கியா?" என்று கேட்டுக் கையைக் காட்டு. படம் எடுப்பதாக இருந்தால் அதை எடுத்து அனுப்பு.