அப்பாவுக்கு ரேடியோ வாங்கப் போறீங்களா? கொஞ்சம் நில்லுங்க

பொங்கலுக்கு வந்த என் அண்ணன் மகன், பெரியவருக்கு ஒரு ரேடியோ வாங்கிட்டு வந்தான். ரேடியோன்னு சொன்னான், நானும் ரேடியோன்னே சொல்லிக்கிறேன். கறுப்பு டப்பா, நாலு பக்கமும் கலர் கலரா லைட் எரியுது. ப்ளூடூத் இருக்கு, பென் டிரைவ் போடலாம், மெமரி கார்டு போடலாம், டார்ச்சும் இருக்கு. பண்பலையும் எடுக்குமாம். பெரியவருக்கு வயசு எழுபத்தெட்டு. பத்தாம் நாள் அந்த டப்பா பரண் மேல ஏறிடுச்சு.

விஷயம் தெரிஞ்சதும் அவன் சென்னையிலிருந்து போன் போட்டான். "சித்தப்பா, அப்பாவுக்கு எது வாங்கிக் கொடுத்தாலும் பிடிக்க மாட்டேங்குது. நீங்களாவது சொல்லுங்க" என்றான்.

சொன்னேன். அவனிடம் சொன்னதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன். ஏனென்றால் இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேர் இதே டப்பாவை ஊருக்கு வாங்கிக் கொடுத்திருப்பீர்கள். குறை உங்கள் அப்பாவிடம் இல்லை, டப்பாவில் இருக்கிறது.

பெரியவருக்கு என்ன வேணும்? காலையில திருச்சி வானொலி. அது மத்திய அலையில 936. அவர் காது அந்த நம்பரிலேயே வளர்ந்தது. திருச்சி நிலையம் 1939ல் ஆரம்பிச்சது, அவரை விட மூத்தது. நீங்க வாங்கின டப்பாவுல மத்திய அலையே கிடையாது. பண்பலை மட்டும்தான். ஒரு பட்டனை அழுத்தினா அதுவா தேடும், கிடைச்சதைப் பிடிச்சு வச்சுக்கும், மறு அழுத்துல எல்லாத்தையும் கலைச்சுப் போடும். நேத்து ரெண்டாம் நம்பர்ல இருந்த காரைக்கால் இன்னைக்கு ஐந்தாம் நம்பர்ல இருக்கும். எழுத்தெல்லாம் இங்கிலீஷ், அதுவும் எறும்பு சைசுல. சார்ஜ் போடுற ஒயர் எங்கேயோ போச்சு. மனுஷன் பரண்ல போடாம என்ன செய்வார்?

"போன்லயே எல்லாம் வருதே, ரேடியோ எதுக்கு?" என்று கேட்கிறவர்களுக்கும் பதில் இருக்கு. போன்ல ஆகாசவாணியோட ஆப் இருக்கு, தெரியும். அதுக்கு நெட் வேணும், டவர் வேணும், சார்ஜ் வேணும். நாற்றங்கால்ல முழங்கால் சேத்துல நிற்கிறவன் எந்தக் கையால போனைத் தேய்ப்பான்? நெட் இல்லாம போன்ல பண்பலை கேட்கணும்னா இயர்போன் ஒயரைச் சொருகணும், அந்த ஒயர்தான் ஏரியல். இப்ப வர்ற போன்கள் பலதுல அந்த ஓட்டையே இல்ல. வரப்பு மேல ஒரு ரேடியோவை வச்சுட்டுக் களை எடுத்தா நாலு பேர் சேர்ந்து கேட்கலாம். போனும் இயர்போனும் ஒருத்தர் காதுக்குத்தான்.

சரி, எது வாங்கணும்? விலை அதிகம் வேண்டாம். ஆயிரம் ரூபாய்க்கு உள்ளேயே நல்லது கிடைக்குது. பார்த்து வாங்கணும், அவ்வளவுதான்.

முதல்ல, மத்திய அலை இருக்கான்னு பாருங்க. டப்பா மேல ஏ.எம். அல்லது எம்.டபிள்யூ. என்று போட்டிருக்கும். இது ஏன் முக்கியம்னா, பண்பலை நேர்கோட்டுல போற அலை. கோபுரம் எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரம்தான். கொடைக்கானல் பண்பலை இத்தனை மாவட்டத்துல கேட்குதுன்னா அது மலை மேல நிற்கிறதாலதான். மத்திய அலை அப்படி இல்ல. தரையை ஒட்டியே ரொம்ப தூரம் ஓடி வரும். ராத்திரியானா வானத்துல பட்டுத் திரும்பி இன்னும் தூரத்துல இறங்கும். இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்த கடற்கரை ஊர்க்காரங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ரெண்டாவது, பென்சில் கட்டை போடுற செட்டா பாருங்க. உள்ளேயே பேட்டரி வச்சு அடைச்சது வேண்டாம். ரெண்டு கட்டை போட்டு தினம் ரெண்டு மணி நேரம் கேட்டா எனக்கு மூணு வாரம் ஓடுது. தீர்ந்தா ஊர் பெட்டிக்கடையிலேயே கிடைக்கும். ரொம்ப நாள் கேட்கப் போறதில்லைன்னா கட்டையைக் கழட்டி வச்சிடுங்க, இல்லாட்டி கசிஞ்சு ஸ்பிரிங்கைத் துரு தின்னுடும்.

மூணாவது, திருகுற டயல். கண்ணு தெரியாட்டாலும் கை பழகிடும். நம்பர் காட்டுற டிஜிட்டல் செட்தான் வேணும்னா ஒண்ணு கவனிங்க. நம்ம நாட்டுல மத்திய அலை நிலையங்கள் ஒன்பது ஒன்பதா தள்ளித்தான் இருக்கும். அமெரிக்காவுக்குன்னு செஞ்ச செட் பத்துப் பத்தாத் தாவும். அதுல 930 வரும், 940 வரும், 936 வரவே வராது. ஒன்பதுக்கு மாத்துற வசதி இருக்கான்னு கடையிலேயே கேளுங்க.

நாலாவதுதான் நிறைய பேர் ஏமாறுற இடம். கடைக்காரர் பண்பலையைப் போட்டு, "பாருங்க சார், எவ்வளவு கிளியரா இருக்கு" என்பார். மத்திய அலையைப் போடச் சொல்லுங்க. ஒரே இரைச்சலா இருக்கும். "அதெல்லாம் இப்ப வர்றதில்ல சார்" என்று முடிச்சிடுவார். நம்பாதீங்க. அவர் கடையில எரியுற எல்.இ.டி. பல்பும் சார்ஜரும் போடுற சத்தம் அது. செட்டை எடுத்துக்கிட்டு வெளியே வெட்டவெளிக்கு வாங்க. மெதுவா அப்படியும் இப்படியும் திருப்புங்க. உள்ளே ஒரு கறுப்புக் கம்பியில செம்புக் கம்பி சுத்தியிருக்கும், அதுதான் மத்திய அலைக்கு ஏரியல். அது நிலையத்துக்குக் குறுக்கே வந்தா சத்தம் ஏறும், நிலையத்தைப் பார்த்து நீளவாக்குல நின்னா இறங்கும். ஊர்ல எந்த நிலையம் எடுக்குதுன்னு பக்கத்து வீட்டுல முன்னமே கேட்டு வச்சுக்கிட்டுப் போறது இன்னும் நல்லது.

ஒரு ரேடியோவுக்கு இவ்வளவு பேச்சான்னு தோணும். ஆடுதுறை 27ன்னு ஒரு நெல் 1960கள்ல வந்துச்சு. தஞ்சாவூர் பக்கம் அதுக்கு அந்தப் பேர் கிடையாது, ரேடியோ நெல்லுன்னுதான் பேர். திருச்சி வானொலியில விவசாய நிகழ்ச்சியில சொன்னாங்க, கேட்டவன் விதைச்சான். என் அப்பாவும் ரேடியோ நெல்லுன்னுதான் சொல்வார். ஒரு நெல்லுக்கே பேர் வச்ச கருவி இது. இதைத்தான் நீங்க பழைய காலத்துச் சாமான்னு சிரிக்கிறீங்க.

பழசை விடுங்க. 2018 நவம்பர் 15 ராத்திரி கஜா வந்தது. விடிஞ்சு பார்த்தா தோப்புல நின்ற தென்னையை விட விழுந்த தென்னைதான் அதிகம். கரண்டு இல்ல, டவர் இல்ல, டிவி இல்ல. எங்களுக்குக் கரண்டு வர இருபது நாளுக்கு மேல ஆச்சு. முதல் ரெண்டு நாள், உலகத்துக்கு நாங்க இருக்கோமா போயிட்டோமான்னு தெரியுமான்னே தெரியல. எங்க தெருவுல வேலை செஞ்சது ஒரே ஒரு சின்ன ரேடியோ. அண்ணன் வீட்டுத் திண்ணையில இருந்துச்சு. சுத்தி இருபது பேர். செய்தியில எங்க ஊர் பேர் வரல. பட்டுக்கோட்டைன்னு பேர் வந்துச்சு. அதைக் கேட்டதும் பக்கத்துல இருந்த கிழவி, "நம்மள தெரிஞ்சிருக்கு" என்று சொல்லி அழுதுச்சு. அன்னைக்கு உங்க ஸ்மார்ட் போன் எல்லாம் எங்க வீட்டு அலமாரியில கண்ணாடிச் சில்லாத்தான் கிடந்துச்சு.

இதை அரசாங்கத்துக்கும் சொல்றேன். நாட்டுல பல இடங்கள்ல மத்திய அலை ஒலிபரப்பிகளை மூடிட்டு வர்றாங்க. செலவாம், கேட்க ஆள் இல்லையாம். மத்திய அலை எடுக்காத டப்பாவை ஊரெல்லாம் வித்துட்டு, அப்புறம் கேட்க ஆள் இல்லைன்னா என்ன நியாயம்? தனியார் பண்பலை இருக்கேன்னு சொல்லாதீங்க. சொந்தமா செய்தி சொல்ல அவங்களுக்கு அனுமதி கொடுக்காம வச்சிருக்கிறதும் இதே அரசாங்கம்தான். புயல் ராத்திரியில சினிமாப் பாட்டும் போட்டியும் வச்சுக்கிட்டு நாங்க என்ன செய்ய?

செலவுக் கணக்கு பொய்யின்னு சொல்லல. பெரிய ஒலிபரப்பிக்குக் கரண்டு நிறைய ஆகும். ஆனா தீயணைப்பு வண்டி தினம் ஓடலைங்கிறதுக்காக யாராவது அதை விக்கிறாங்களா?

அண்ணன் மகனுக்கு இதெல்லாம் சொல்லி முடிச்சேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தான். அப்புறம், "சரி சித்தப்பா, நீங்களே ஒண்ணு வாங்கிக் கொடுங்க, காசு அனுப்புறேன்" என்றான். அதுக்கும் முடியாதுன்னுட்டேன். நீயே வா, அப்பாவைக் கூட்டிக்கிட்டுப் பட்டுக்கோட்டை போ, கடை வாசல்ல நின்னு அவர் கையிலேயே கொடுத்துத் திருகச் சொல்லுன்னேன். வந்தான். ரெண்டு பேரும் போனாங்க. மூணு செட்டைத் திருப்பிக் கொடுத்துட்டு நாலாவதை எடுத்தாராம் பெரியவர், கடைக்காரர் கடுப்பாயிட்டாராம்.

அந்த செட் இப்ப திண்ணையில இருக்கு. நீங்க வாங்கும்போது கட்டை நாலு சேர்த்து வாங்கிடுங்க.