கணக்கேட்டுக் குறிகளும் கைப்பேசியும்

காரைக்குடி வட்டார நகரத்தார் பர்மாவிலும் மலேயாவிலும் வணிகம் செய்தனர். அவர்கள் முதலிய தமிழ் வணிகர்தம் கணக்கேடுகளில் வரவு, பற்று, ரூபாய் ஆகியவற்றுக்குத் தனிக்குறிகள் வழங்கின. முக்கால், அரைக்கால், மாகாணி முதலிய பின்னங்களும் அவ்வாறே எழுதப்பட்டன. கருத்தை ஒரு குறியில் சுருக்கி உணர்த்துதல் தமிழர்க்குப் புதிதன்று. இன்றைய எமோஜி அம்மரபுக்கு அயலானதும் அன்று.

2019ஆம் ஆண்டில் வெளிவந்த ஒருங்குறியின் 12ஆம் பதிப்பு சேலை, அகல்விளக்கு, ஆட்டோ ஆகியவற்றுக்கு எமோஜிகளை வழங்கியது. தமிழ்ப் பின்னங்கள், முகத்தல் அளவைகள் உள்ளிட்ட 51 குறிகளும் அதே பதிப்பில்தான் இடம்பெற்றன. இவ்விரு வகையின் குறியெண்களும் 65,535ஐக் கடந்தவை. ஆதலின், இந்த எமோஜிகளைச் சிதையாமல் சேமிக்கும் செயலியால் மாகாணியையும் சேமிக்க இயலும். எஞ்சிய தேவை எழுத்துரு ஒன்றே. அஃதில்லாத கைப்பேசியில் மாகாணி வெற்றுக் கட்டமாகவே தோன்றும்.

இக்குறிகளைப் பயன்படுத்துவோர் சிலரே எனச் செயலி உருவாக்குவோர் கூறலாம். திரையில் தோன்றாத குறியை எவர் பயன்படுத்துவர்? பழைய பேரேட்டைப் படியெடுக்கையில் ஒரு பின்னம் விடுபட்டால் கணக்கே பிழைபடும். வரலாறும் உடன் பிழைபடும். எமோஜிக்குக் காட்டும் அக்கறையைத் தமிழ்க் குறிகளுக்கும் காட்டுதல் செயலி உருவாக்குவோர் கடமை. அதனைக் கேட்டுப் பெறுதல் தமிழ் பயில்வோர் உரிமை.